கல்யாணத்துக்காக ஆறு பல்லையும் ராவ வேண்டுமா?

கேள்வி: ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு 24 வயது, தை மாதம் கல்யாணம். சின்ன வயதிலிருந்தே மேல் முன்பற்களில் பழுப்புத் திட்டு. நடுவில் சின்ன இடைவெளியும் உண்டு. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆறு பல்லையும் ராவி கேப் போட்டால் நடிகை மாதிரி இருக்கும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். போடலாமா? வீட்டில் எப்போதும் போர் தண்ணீர்தான். மூத்தவளின் 2 வயதுப் பையனும் எங்களோடு இருக்கிறான்.

பதில்: அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள், அம்மா. சொத்தையும் வலியும் இல்லாத பல்லுக்கு கேப் போடுவது, நல்ல சுவரைக் கொத்திவிட்டு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அதற்குப் பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் ராவ வேண்டும். போன எனாமல் திரும்ப வளராது. பின்னாளில் சில பற்களுக்கு ரூட் கேனலும் தேவைப்படலாம். கேப்புக்கும் ஆயுள் உண்டு. 24 வயதில் போட்டால் பிற்பாடு மாற்றத்தான் வேண்டிவரும்.

போர் தண்ணீர் என்றதும் எனக்கு ஃபுளோரைடு மேல்தான் சந்தேகம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் தாது அது; பல் உருவாகும் வயதில் அளவுக்கு மேல் உள்ளே போனால் பல்லில் கறை விழும். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திட்டு இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் பழைய அடியாக இருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முதலில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையை எடுத்து கிளீன் செய்வது. கிளீன் செய்தால் பல் ஆடிப்போகும் என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம் மைக்ரோஅப்ரேஷன்: அமிலம் கலந்த பசையால் பல்லின் மேல்தோலை மட்டும் நூல் அளவு தேய்த்தெடுப்பது. பழுப்புத் திட்டு இதில் நன்றாகவே மங்கும். மிச்சத்துக்கு பிளீச்சிங். பல்லுக்கு அளவெடுத்த மெல்லிய டிரேயில் ஜெல் வைத்து, இரண்டு மூன்று வாரம் இரவில் மாட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் பல் கூசும். வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் பளிச்சென்று தெரியும், பயப்பட வேண்டாம்.

இடைவெளியை அடைக்க காம்போசிட் போதும். பல் நிறத்திலேயே இருக்கும் பிசின் அது; ஒட்டுவது ஒரே நாளில் முடியும். ஆனால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் ஒட்ட வேண்டும். உடனே ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. முன்னாலேயே ஒட்டினால் பல் வெளுக்கும், காம்போசிட் வெளுக்காது. டீ, காபியில் அது நிறம் மாறும், ஓரம் உடையலாம். பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், திரும்பவும் ஒட்டிக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் பிறகு திருப்தி இல்லையென்றால் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு பற்றி யோசிக்கலாம். அதிலும் பல்லின் முன்பக்கம் கொஞ்சம் ராவத்தான் வேண்டும், ஆனால் கேப் அளவுக்கு இல்லை.

ஒட்டும் முன் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் காம்போசிட்டைப் பசையில்லாமல் சும்மா பல்லில் பதித்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் போகச் சொல்வேன். கிளினிக் லைட்டில் எல்லாப் பல்லும் அழகுதான். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை கேட்டு வந்த பெண்கள் பலர், வெயிலில் பார்த்ததும் ‘ஒரு ஷேடு குறைச்சிருங்க டாக்டர்’ என்று திரும்பியிருக்கிறார்கள்.

பேரன் விஷயத்தைத்தான் தள்ளிப்போடக் கூடாது. மகளுக்கு இனித் தண்ணீரை மாற்றினால் கறை போகாது. பேரனுக்கோ நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தாமிரபரணிக் குடிநீரோ ஆர்ஓ தண்ணீரோ கொடுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும்.