ஜெர்மனியில் கொலோனிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போகும் ரயிலில் ரைன் நதி ஏன் தெரிவதில்லை?

காரணம், அந்த இரு நகரங்களுக்கும் நடுவே இரண்டு விதமான ரயில் பாதைகள் இருக்கின்றன. பழைய பாதை போன், கோப்லென்ஸ், மைன்ஸ் வழியாக ஆற்றை ஒட்டியே வளைந்து போகிறது. 2002-இல் திறந்த அதிவேகப் பாதை ஆற்றை விட்டு விலகி, மலைமேல் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஊருக்குள் புகுந்து போகும் பழைய ரோடும் பைபாஸும் மாதிரிதான்.

19-ஆம் நூற்றாண்டு நீராவி இன்ஜின்களுக்கு மேடு ஏறுவது பெரும்பாடு. சமதளம் கிடைத்தது ஆற்றங்கரையில்தான், தண்டவாளமும் அங்கேயே போனது. ஆனால் பள்ளத்தாக்கின் வளைவுகளில் 300 கிலோமீட்டர் வேகம் நடக்காது. புதிய பாதையில் சில இடங்களில் 1000 மீட்டருக்கு 40 மீட்டர் ஏற்றம். அதற்கென்றே சக்தி கூட்டிய ஐசிஇ என்ற அதிவேக ரயில்கள்தான் அங்கே ஓடுகின்றன.

அவசரம் இல்லையென்றால் பழைய பாதையைத்தான் சொல்வேன். மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பாகராக் ஊரின் மதில் மட்டும் இடப்பக்கம், தண்டவாளத்தை ஒட்டியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஆற்றின் நடுவே கப்பல் நிற்பதுபோல ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டை. அந்தக் காலத்தில் படகுகளிடம் சுங்கம் வசூலித்த இடம். அப்புறம் ஓபர்வேசல் தாண்டினால் சுரங்கங்கள், எதிர்க்கரையில் லோரலை பாறை.

டாய்ச்லாந்து டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச்சீட்டு இருந்தால் இந்தப் பாதையில் எந்த ரயிலிலும் ஏறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வட்டார ரயில்களில்தான் செல்லும், ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் ஐசி, ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்களுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.