தைராய்டை முழுவதும் எடுத்த பிறகு மாத்திரைக்குப் பதில் ஹோமியோபதி எடுக்கலாமா?

வாசகி கேள்வி: எனக்கு வயது 42, எடை 70 கிலோ. கழுத்தில் பெரிய கட்டி இருந்ததால் மூன்று மாதத்துக்கு முன் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தினமும் தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் போடச் சொன்னார்கள், கால்சியம் மாத்திரையும் உண்டு. காலையில் காபி குடித்த கையோடு இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். ஆனாலும் எந்நேரமும் அசதி, மலச்சிக்கல், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. ஆயுள் முழுக்க மாத்திரையா என்று மலைப்பாகவும் இருக்கிறது. ஹோமியோபதியில் பக்கவிளைவே இல்லாமல் சரிசெய்து, மெல்ல மெல்ல இந்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் நெருங்கிய உறவினர். அவருடைய தைராய்டு குறைபாடு அப்படித்தான் சரியானதாம். நான் மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். ஒரு நாள்கூட இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், உங்கள் அசதியும் முடி உதிர்வும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியவை அல்ல. அவற்றுக்கு வழி இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன்.

நீங்கள் போடும் தைராக்ஸினை நோய்க்குத் தரும் மருந்து என்று நினைப்பதால்தான் ‘வேறு மருந்து எடுக்கலாமே’ என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அது உங்கள் சுரப்பி சுரந்துகொண்டிருந்த அதே ஹார்மோன். தொழிற்சாலையில் செய்தாலும் மூலக்கூறு அளவில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்கும் இது தேவை. சுரப்பி இருந்தால் அதைத் தூண்டிவிடலாம், சரிப்படுத்தலாம் என்றெல்லாம் பேச இடமுண்டு. உங்களுக்கு இப்போது சுரப்பியே இல்லை. எடுத்த சுரப்பியை எந்த மருத்துவமுறையாலும் திரும்ப முளைக்க வைக்க முடியாது.

உங்கள் உறவினர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சுரப்பி இருப்பவர்களுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராக்ஸின் குறைந்தால் இது ஏறும்) அளவு லேசாக ஏறி, சில மாதத்தில் எந்த மருந்தும் இல்லாமல் தானே இறங்கிவிடுவது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சியும் பலருக்குத் தானாகவே ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ, குணமான பெருமை அதற்குப் போய்விடும். அவர் அனுபவம் அவருக்குச் சரி. உங்கள் நிலைமை அது அல்ல.

சுரப்பியை எடுத்துவிட்டு ஹார்மோன் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பது மருத்துவ உலகம் ஏற்கெனவே கண்ட விஷயம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த தியோடர் கோகர், தைராய்டு அறுவையில் பெரிய நிபுணர், 1909இல் நோபல் பரிசு பெற்றவர். தைராய்டு முழுவதையும் எடுத்த தன் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது பலர் முகம் வீங்கி, உடல் குளிர்ந்து, பேச்சும் சிந்தனையும் மந்தமாகிப் போயிருந்தார்கள். 1883இல் இதை அறிவித்த அவர், புற்றுநோய் இல்லாத கட்டிக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதையே கைவிட்டார். அன்று மாற்று ஹார்மோன் கிடையாது. 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மரே, தைராய்டு செயலிழந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறி, அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். உங்கள் கையில் இருக்கும் சின்ன மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. தைராக்ஸின் ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் குறையும். பாதியாவதற்கே ஏறக்குறைய 7 நாள் ஆகும். இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்தும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ‘பார்த்தாயா, புது மருந்து வேலை செய்கிறது’ என்று தோன்றும். ஒரு மாதம் ஆகும்போது இருப்பு பெரும்பாலும் காலியாகியிருக்கும். அப்புறம் குளிர் தாங்காது, முகம் உப்பும், குரல் கரகரக்கும், நாடி மந்தமாகும், மறதி வரும். கொலஸ்ட்ரால் ஏறும், இதயத்தைச் சுற்றி நீர் கோக்கலாம். அப்படியே விட்டால், ஒரு காய்ச்சலோ கிருமித் தொற்றோ வரும்போது உடல் சூடு இறங்கி, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இதெல்லாம் படிப்படியாக வருவதால் அனுபவிப்பவருக்கே தெரியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

ஹோமியோபதி உருண்டைகளில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ‘30’ பொட்டன்சி என்றால் ஒரு பங்குக்கு 99 பங்கு திரவம் சேர்த்து நீர்ப்பதை 30 முறை செய்தது. 12ஆவது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ‘தைராய்டினம்’ என்ற பெயரைப் பார்த்து அதில் தைராய்டு ஹார்மோன் இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 30 பொட்டன்சியில் அது இல்லை. உங்கள் உடலுக்கோ தினமும் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் ஹார்மோன் வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் கிடைத்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்றே சொன்னது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃப்யூகஸ் தாய்த்திரவம் (நீர்க்காத மூலச்சாறு) போன்றவற்றில் மட்டும் அயோடின் உண்மையாகவே இருக்கும். ஆனால் அயோடினைத் தைராக்ஸினாக மாற்றும் இடமே தைராய்டு சுரப்பிதான், அதனால் உங்களுக்கு அதிலும் பயனில்லை. புற்றுநோய்க்காக அறுவை செய்து, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு இத்தகைய அயோடின் அந்தச் சிகிச்சையின் பலனையே குறைத்துவிடும்.

கால்சியம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை. அறுவையில் அவை அடிபட்டோ ரத்த ஓட்டம் குறைந்தோ சில காலம் சோர்ந்துபோகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. ‘கல்கேரியா கார்ப்’ உருண்டையில் கால்சியம் இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ எறும்பு ஊர்வது போல் இருந்தால், கை விரல்கள் இழுத்துக்கொண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, உங்கள் அசதிக்கு வருவோம். கடிதத்திலேயே இரண்டு காரணம் தெரிகிறது. முதலாவது, காபியும் கால்சியமும் தைராக்ஸின் குடலில் சேர்வதைத் தடுப்பவை. மூன்றையும் ஒன்றாக எடுத்தால் 75 மைக்ரோகிராமில் கணிசமான பகுதி உடலில் சேராமலே போயிருக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்ஸினைப் போடுங்கள். அடுத்த 30 முதல் 60 நிமிடம் காபி, டீ, உணவு எதுவும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். காலையில் தோதுப்படாவிட்டால், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

இரண்டாவது, அளவு. 70 கிலோ எடைக்குக் கணக்குப் போட்டால் 112 மைக்ரோகிராம் அளவில் வருகிறது. உங்களுக்கு 75 குறைவாக இருக்கக்கூடும். ஆனால் நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள். வயதையும் இதயத்தையும் பார்த்து, டிஎஸ்ஹெச் பரிசோதனையை வைத்து மருத்துவர்தான் முடிவு செய்வார். அறுவைக்குப் பிறகு டிஎஸ்ஹெச் பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். பக்கவிளைவு என்று பலரும் பயப்படும் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அளவு கூடிப்போனதன் அடையாளம். குறைந்தால் அசதி, மலச்சிக்கல், அதாவது உங்களுக்கு இருப்பவை. அளவைச் சரிசெய்தால் இரண்டு பக்கமும் சரியாகும்.

முடி உதிர்வுக்கு அறுவையே ஒரு காரணமாக இருக்கலாம். எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டி, பின் திரும்ப வளரும். ஹார்மோனும் இரும்புச்சத்தும் சரியானால் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

மாத்திரையை விடாமல், கூடவே ஹோமியோபதி உருண்டையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், நான் சண்டை போட மாட்டேன், ஆனால் பரிந்துரைக்கவும் மாட்டேன். எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே சில நாள் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே பழைய அளவில் தொடங்குங்கள், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துப் போட வேண்டாம்.

பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். மீதிப் பாதியே போதுமான அளவு சுரந்து, மாத்திரை தேவைப்படாதவர்கள் பலர் உண்டு. புற்றுநோய்க்காக எடுத்தவர்கள் சிலருக்கோ, மிஞ்சிய செல்களை டிஎஸ்ஹெச் தூண்டாதிருக்க வேண்டும் என்று அளவைச் சற்றுக் கூட்டியே கொடுப்பார்கள். அவர்கள் நிறுத்தினால் ஆபத்து இரட்டிப்பு. கர்ப்பம் தரித்தவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலேயே அளவு கூட்ட வேண்டிவரும், ஏனென்றால் அப்போது குழந்தை தாயின் தைராக்ஸினையே நம்பியிருக்கிறது. எனவே தெரிந்த உடனேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். காபியோடு போட்டுவந்ததை முதலில் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் அளவைக் கூட்டிவிட்டால், முறையாகப் போடத் தொடங்கியதும் அதிகமாகிவிடும். போடும் முறையையோ அளவையோ மாற்றினால், 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். முடிக்காகப் பயோடின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டிவிடும்.