பாய்லரை மாற்றுவதற்கு முன்: வீட்டைச் சூடாக்குவது பற்றிய கேள்வி பதில்

குளிர்ப் பிரதேச வீடுகளுக்குச் சூடேற்றும் அமைப்பை வடிவமைப்பது என் வேலை. வீட்டைப் புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்து மாற்ற நினைப்பவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்களுடையது பழைய செங்கல் வீடு. பாய்லருக்கு இருபது வயதாகிறது. சமையலறையை இடித்துப் பெரிதாக்கப் போகிறோம். அப்படியே ஹீட் பம்ப் போட்டுவிடலாமா? பழைய வீட்டுக்கு அது சரிப்படாது என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: பாய்லர் எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளிலுள்ள ரேடியேட்டர் என்ற இரும்புத் தகடுகளுக்கு அனுப்பும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து அதே வேலையைச் செய்யும், ஆனால் தண்ணீர் குறைந்த சூட்டில் போனால்தான் சிக்கனமாக ஓடும். வீட்டின் வயதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் வீடு வெதுவெதுப்பாக இருக்க ரேடியேட்டருக்குள் எவ்வளவு சூடான தண்ணீர் போக வேண்டும் என்பதுதான் கேள்வி. அதைச் செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பெரும்பாலான பாய்லர்கள் 70, 75 டிகிரியில் தண்ணீரை அனுப்பும்படி விடப்பட்டிருக்கும். நல்ல குளிர் அடிக்கும் வாரத்தில் அதை 50 டிகிரிக்குக் குறையுங்கள். குளிர் நாளில் நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். எல்லா அறைகளும் 20 டிகிரியில் நின்றால் உங்கள் வீடு ஹீட் பம்ப்புக்கு ஏற்கெனவே தயார். இரண்டு அறைகள் மட்டும் 17இல் தங்கிவிட்டால் அந்த இரண்டு ரேடியேட்டர்களை மாற்றினால் போதும். வீடு முழுக்கக் குளிர்ந்தால் முதலில் கூரையையும் சுவரையும் கவனிக்க வேண்டும்.

ரேடியேட்டர் தரும் சூடு, தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. விவரப் பட்டியலில் போடும் வாட் கணக்கு பொதுவாக 50 டிகிரி வித்தியாசத்துக்கானது. வித்தியாசம் 30 ஆனால் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பழைய வீடுகளில் ரேடியேட்டர்களைத் தாராளமாகப் பெரிதாகவே போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு ஜன்னலும் கூரையும் மேம்பட்டிருந்தால் தேவையும் குறைந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: நான் குறைக்கச் சொல்வது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மட்டும். குளிக்கும் வெந்நீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் தொட்டியை 60 டிகிரியிலேயே வைத்திருங்கள். நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் பெருகும்.

பாய்லரே போதும் என்று முடிவெடுத்தாலும் இந்தச் சோதனை வீணாகாது. கண்டென்சிங் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் தரும். 75இல் ஓட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திறன் புகைபோக்கி வழியே போய்விடும்.

கேள்வி: மைனஸ் பத்து டிகிரியில் ஹீட் பம்ப் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். மைனஸ் பத்திலும் காற்றில் வெப்பம் இருக்கிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும் கருவி, கடுங்குளிரில் இரண்டு, இரண்டரைக்கு இறங்கலாம். மொத்தத் திறனும் குறையும். அதனால் பெட்டிமேல் எழுதியிருக்கும் கிலோவாட்டைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊரின் மிகக் குளிரான நாளில் எத்தனை கிலோவாட் தரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். வெளிக்கருவியில் படியும் உறைபனியை அது அவ்வப்போது தானே உருக்கிக்கொள்ளும். அப்போது ஆவி கிளம்பினால் பயப்பட வேண்டாம். ஆனால் உருகும் தண்ணீர் நடைபாதையில் வழிந்து உறையாதபடி வடிகால் வையுங்கள்.

கேள்வி: கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும். ஜன்னலா, பரணில் இன்சுலேஷனா?

பதில்: பரண். கூரைக்கு அடியில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பஞ்சை விரிப்பதைச் சொல்கிறேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பரப்பு பெரியது, வேலை சுலபம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 5 வாட்டுக்கு மேல் வெப்பத்தை விடும். பழைய இரட்டைக் கண்ணாடி சுமார் 2.8, இன்றைய நல்ல இரட்டைக் கண்ணாடி 1.2க்கு அருகில். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் அடுத்த வேலை ஜன்னல்தான். ஏற்கெனவே இரட்டையாக இருந்து சட்டமும் நன்றாக இருந்தால், ரப்பர் பட்டியை மட்டும் மாற்றிக் காற்றிடுக்குகளை அடையுங்கள். பரணில் பஞ்சு விரிக்கும்போது கூரையோரக் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். மூடினால் மரச்சட்டங்களில் ஈரம் கட்டும்.

கேள்வி: அண்ணா, போன வருடம் எல்லா ஜன்னல்களையும் மாற்றினோம். இந்தக் குளிர்காலத்தில் படுக்கையறை மூலையில் கருப்பாகப் பூஞ்சை. ஜன்னல் போட்டவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் வேலை சரியாகத்தான் இருக்கும். அந்த வேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொன்று விடுபட்டிருக்கிறது.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். பூஞ்சைக்கு அந்தளவு நனையக்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 80 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். முன்பு பழைய கண்ணாடிதான் அறையிலேயே குளிர்ந்த இடம், ஈரம் அதில் வழிந்து உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இடுக்கு வழியாகக் காற்றும் மாறிக்கொண்டிருந்தது. இப்போது வீடு இறுகிவிட்டது. குளிர்ந்த இடம் வெளிச்சுவர் மூலைக்கு மாறிவிட்டது.

ஆகவே ஈரத்தை வெளியேற்றுங்கள். குளியலறையிலும் சமையலறையிலும் மெதுவாக, தொடர்ந்து ஓடும் வெளியேற்று விசிறி நல்ல முதலீடு. ஜன்னலை நாள் முழுக்க லேசாகத் திறந்து வைக்காதீர்கள், ஓரச் சுவர்தான் குளிரும். காலையும் மாலையும் ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியை அந்த அறையில் காயப்போட வேண்டாம். பூஞ்சையைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் திரும்ப வரும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்துக் குளிர்காலத்தில் 50 சதவீதத்துக்குள் வைத்துப் பாருங்கள். குழந்தைகள் தூங்கும் அறையாக இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: விரிவாக்கும் சமையலறைக்கு மட்டும் தரைக்கடியில் சூடு போடலாமா? மற்ற அறைகளில் ரேடியேட்டர் இருக்கிறது.

பதில்: தரையை எப்படியும் தோண்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாக. ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகிற வீடு என்றால், தரைக் குழாய்க்கு 35, 40 டிகிரியில் போக ஒரு கலவை வால்வு வேண்டும். குழாய்க்கு அடியில் இன்சுலேஷனில் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கே குறைத்தால் மண்ணைச் சூடாக்குவீர்கள். தரை மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கிடைக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு வைக்கப் போகிறீர்கள் என்றால் அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலையாக நிற்கும் அலமாரிகளுக்குக் கீழே குழாய் வேண்டாம். காங்கிரீட் பூச்சு போடும்போது குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கட்டும், ஆணி பட்டால் அப்போதே தெரியும். குழாய் போன பாதையைப் பூசுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாடியில் ஒரு அறை மட்டும் சூடாவதே இல்லை. பெரிய பம்ப் போடச் சொல்கிறார் பிளம்பர்.

பதில்: பம்பைத் தொடாதீர்கள், முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேல்பக்கம் குளிர்ச்சி என்றால் உள்ளே காற்று. திருகைத் திறந்து வெளியேற்றுங்கள், அப்புறம் அழுத்தமானியைப் பாருங்கள், குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். கீழ்ப்பக்க நடுவில் குளிர்ச்சி என்றால் கருப்புச் சகதி. அது துருப்பிடித்த இரும்பு. குழாய்களைக் கழுவிக் காந்த வடிகட்டி போட வேண்டும். முழுதும் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி சிக்கியிருக்கலாம்.

இதெல்லாம் இல்லையென்றால் சமன்படுத்துதல்தான் பாக்கி. பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் தண்ணீரையெல்லாம் எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் மறுமுனை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி வந்தால் தூரத்து அறைக்குத் தண்ணீர் போகும். பொறுமையாகச் செய்தால் அரை நாள் வேலை. பெரிய பம்ப் போட்டால் வால்வுகள் இரையும், மின்சாரமும் போகும்.

கேள்வி: இரவில் அணைப்பதா, குறைவாக ஓடவிடுவதா?

பதில்: பாய்லர் என்றால் குறையுங்கள், வீடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் இழப்பும் குறைவு. ஹீட் பம்ப் என்றால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைக்க வேண்டாம். காலையில் அவசரமாகச் சூடேற்றத் தண்ணீர் வெப்பநிலையை ஏற்றும்போது மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

கேள்வி: சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்கிறோம். பழைய பாய்லர் அங்கேயே இருக்கும். அதன் குழாய்களில் வெள்ளையாக மாவுக்கட்டு மாதிரி சுற்றியிருக்கிறது, அதை நானே உரித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து தொட வேண்டாம். பழைய குழாய்ச் சுற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். உரித்தால் பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரலாம். மாதிரி எடுப்பதையும் அதற்கான பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். முடிவு வரும்வரை அந்த இடத்தில் வேலையை நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று: அந்தப் பாய்லர் அறைக் காற்றையே இழுத்து எரியும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால், வீட்டை இறுக்கி மூடிவிட்டுப் பலமான சமையலறை விசிறியும் போட்டால், புகைபோக்கி வழியே போக வேண்டிய வாயு வீட்டுக்குள் இழுக்கப்படும். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும், அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. எச்சரிக்கைக் கருவியை இன்றே மாட்டுங்கள். சுவர் வேலை முடிவதற்குள் வெளிக்காற்றை எடுக்கும் மூடிய வகைக்கு மாறுங்கள். சுவர் பாரம் தாங்குகிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: ஒருவர் 8 கிலோவாட் ஹீட் பம்ப் என்கிறார், இன்னொருவர் 16 என்கிறார். யாரை நம்புவது?

பதில்: உங்கள் மீட்டரை நம்புங்கள். மிகக் குளிரான நாளில் 24 மணி நேரத்துக்கு எவ்வளவு எரிவாயு போனது என்று குறியுங்கள். உதாரணமாக 190 கிலோவாட் மணி என்று வைப்போம். பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது சுமார் 161. அதை 24ஆல் வகுத்தால் 6.7 கிலோவாட். குளியலும் சமையலும் இதில் அடங்கிவிட்டன. அதைவிடக் குளிர்ந்த நாளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் 16 எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்கலாம். அளவுக்கு மீறிய கருவி மிதமான நாட்களில் அடிக்கடி அணைந்து அணைந்து ஓடி, திறனையும் ஆயுளையும் குறைத்துக்கொள்ளும்.

இருவரிடமும் அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மிகக் குளிரான நாளில் தண்ணீர் எத்தனை டிகிரியில் போகும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண் ஒருவரிடம் 40, மற்றவரிடம் 60 என்றால், அவர்களின் விலைகளை நேருக்கு நேர் ஒப்பிடவே முடியாது. 40 சொன்னவர் எந்தெந்த ரேடியேட்டர்களை மாற்றுகிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் விலைக்கு வாருங்கள்.