குட்டி நாயின் பல்லும் ஈறும்: வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டே விஷயங்களைப் பற்றியவை. ஒன்று, பிரஷ் பழக்குவது. இன்னொன்று, பால் பல் விழுந்து பெரிய பல் வரும் சமயத்தில் ஏற்படும் குழப்பங்கள். அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஷிட்சு குட்டிக்கு 9 வாரம். எப்படியும் விழப்போகிற பால் பல்தானே, அதைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது? பெரிய பல் வந்த பிறகு ஆரம்பித்தால் போதாதா?

பல்லை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். குட்டிக்கு மொத்தம் 28 பால் பற்கள். சுமார் 3 வாரத்தில் முளைக்கத் தொடங்கி, 2 மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். 4-வது மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழ ஆரம்பிக்கும். 7 மாதம் முடிவதற்குள் 42 நிலைப்பற்களும் வந்திருக்க வேண்டும். ஆக, பால் பல்லின் ஆயுள் சில மாதங்கள்தான். அதற்குள் பெரிதாகக் கெட்டுப்போக நேரமில்லை.

ஆனால் இந்த வயதில் நீங்கள் தேய்ப்பது பல்லுக்காக அல்ல, பழக்கத்துக்காக. 2, 3 மாதக் குட்டி தன் வாய்க்குள் விரல் வருவதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே நாய்க்கு ஒரு வயதான பிறகு முதன்முறையாக உதட்டைத் தூக்கிப் பாருங்கள், தலையை வெட்டிக்கொண்டு ஓடும். அப்போது பழக்க முடியாது என்றில்லை. இரண்டு பேருக்கும் சிரமம், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே அதன் மேல் கிருமிகள் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் படியத் தொடங்கிவிடும். துடைத்தால் போய்விடுகிற சாதாரணப் படலம்தான். விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் ஏறி, கெட்டியான காரையாக மாறிவிடும். அதன்பின் பிரஷால் ஒன்றும் செய்ய முடியாது. நாயின் உமிழ்நீரில் நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்களுக்குப் பல் சொத்தை குறைவு, காரை அதிகம். ஈறு ஓரத்தில் சேருகிற அழுக்கு முதலில் ஈறைச் சிவக்க வைக்கும், அப்புறம் ஈறுக்கு அடியில் இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்கும். சிவந்த ஈறு திரும்பச் சரியாகும். கரைந்த எலும்பு திரும்ப வராது.

ஷிட்சு, பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் மாதிரிச் சின்ன ரக நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தாடை சின்னது, பற்கள் அதற்குப் பெரியவை, நெருக்கியடித்துக்கொண்டுதான் முளைக்கும். கீழ்த்தாடையில் பெரிய கடைவாய்ப்பல்லைச் சுற்றி இருக்கும் எலும்போ ரொம்ப மெல்லியது. பல வருடம் கவனிக்காமல் விட்ட சின்ன நாய்க்கு, சோபாவிலிருந்து குதித்ததிலேயே தாடை உடைவது உண்டு. அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

பிரஷை எடுத்தாலே கடித்துப் பிடுங்குகிறது. தினமும் போராட்டமாக இருக்கிறது. வாயைப் பிடித்துக்கொண்டு தேய்த்துவிடலாமா?

வேண்டாம். ஒரு தடவை பிடித்து அமுக்கினால், அடுத்த பல நாட்களுக்கு உங்கள் கை முகத்துக்குப் பக்கத்தில் வந்தாலே விலகும். நீங்கள் பிரஷிலிருந்து ஆரம்பித்ததுதான் சிக்கல். அது கடைசியில் வர வேண்டியது.

முதல் வாரம் பிரஷை மறந்துவிடுங்கள். குட்டி நன்றாக விளையாடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு நக்கக் கொடுங்கள். நக்கிக்கொண்டிருக்கும்போதே விரலை உதட்டோரமாக உள்ளே விடுங்கள். வாயைத் திறக்க வைக்க வேண்டியதே இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. பற்கள் மூடியே இருக்கட்டும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் அந்த வழுவழுப்பான இடைவெளியில் விரல் பின்பக்கம் வரை தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். மேல்வரிசையில் பின்னால் ஒரு பெரிய பல் விரலில் தட்டுப்படும். அங்கே இரண்டு தடவை மெதுவாகத் தடவிவிட்டு எடுத்துவிடுங்கள். குட்டி தலையைத் திருப்புவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். உடனே ஒரு பாராட்டு, சின்னதாக ஒரு தின்பண்டம். அன்றைக்கு அது போதும்.

அடுத்த கட்டத்தில் விரலில் ஈரமான மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். அதுவும் பழகிய பிறகு, கைக்குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ். பிரஷை ஈறு ஓரத்துக்கு 45 டிகிரி சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். பல்லும் ஈறும் சேரும் அந்தக் கோடுதான் முக்கியம், பல்லின் நுனி அல்ல. வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை ஓரளவுக்கு நாக்கே பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு அரை நிமிடம். ஆரம்பத்தில் இன்று வலது, நாளை இடது என்று பிரித்துக்கொண்டாலும் தப்பில்லை. தினமும் தேய்ப்பதுதான் இலக்கு. வாரத்துக்கு 3 நாளுக்குக் கீழே போனால் பெரிய பலன் இருக்காது.

விரலில் மாட்டுகிற ரப்பர் பிரஷ் பற்றி இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. அதன் முட்கள் தடிமனானவை, ஈறு ஓரத்துக்குள் போகாது. குட்டி கடித்து உருவி விழுங்கிவிடும் பயமும் உண்டு. பழக்குவதற்கு மட்டும், கண்காணிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பயன்படுத்தும் டூத்பேஸ்ட்டையே கொஞ்சமாகத் தொட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. நாய்க்கு வாய் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, வைத்ததெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். மனிதர்களுக்கான பேஸ்ட்டில் ஃபுளோரைடும் நுரை வருவதற்கான பொருட்களும் இருக்கும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும். அது நாய்களுக்கு விஷம். உடலில் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். அளவு கூடினால் கல்லீரலே செயலிழந்துபோகலாம். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கம், புதினா மிட்டாய் போன்றவற்றிலும் இது இருக்கலாம், எட்டாத இடத்தில் வையுங்கள். சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

சோடா உப்பும் வேண்டாம், அதில் சோடியம் மிக அதிகம். நாய்களுக்கென்றே செய்த பேஸ்ட் கோழிச் சுவையிலெல்லாம் கிடைக்கும். பட்டாணி அளவு போதும். அது கிடைக்கவில்லையா, வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும். அழுக்கை எடுப்பது முட்களின் உரசல்தான். பேஸ்ட்டின் முக்கிய வேலை குட்டியை அந்தப் பக்கம் இழுப்பது.

நாலரை மாதக் குட்டி. பொம்மையில் ரத்தக்கறை. ஒரு பல் காணவில்லை, விழுங்கிவிட்டது போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், பல் விழும் வயது அது. பெரும்பாலான பால் பற்களைக் குட்டிகள் உணவோடு சேர்த்து விழுங்கிவிடும், ஒன்றும் ஆகாது. பெரிய பல் கீழிருந்து வரும்போது பால் பல்லின் வேர் கரைந்துவிடுவதால், விழுகிற பல் பார்ப்பதற்கு அரிசி மாதிரி இருக்கும். லேசான ரத்தக்கறை, ஜொள்ளு, எதையாவது கடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் இந்த வயதில் வழக்கம்தான். ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கடிக்கக் கொடுங்கள், ஈறுக்கு இதமாக இருக்கும். மின்சார வயர்களை மட்டும் தூக்கி வைத்துவிடுங்கள். இந்த நாட்களில் பிரஷ் வேண்டாம், துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். வலியோடு பிரஷைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் இதுவரை பழக்கியதெல்லாம் வீண். கயிறு இழுக்கும் விளையாட்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

ரத்தம் நிற்காமல் வந்தாலோ, ஒரு நாள் முழுக்க உணவைத் தொடாமல் இருந்தாலோ காட்டிவிடுங்கள்.

ஆறரை மாதப் பொமரேனியனுக்கு மேலே கோரைப்பல் பக்கத்துக்கு இரண்டு இரண்டாக இருக்கிறது. தானாக விழும் என்று ஒருவரும், பிடுங்கிவிடு என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி?

ஒரே இடத்தில் ஒரே வகைப் பல் இரண்டு, ஒரே சமயத்தில் இருக்கக் கூடாது. பல் மருத்துவத்தில் நாங்கள் பிடித்துக்கொள்ளும் விதி இது. புதுப் பல் வந்தும் பால் பல் அசையாமல் நிற்கிறது என்றால், அதை எடுத்துவிட வேண்டும். சின்ன ரகங்களில், முக்கியமாகக் கோரைப்பற்களில், இது அடிக்கடி நடக்கும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல்வரிசையில் முன்னால் இருப்பது புதுப் பல், பின்னால் ஊசி மாதிரி மெல்லியதாக இருப்பது பால் பல். இரண்டுக்கும் நடுவில் ரோமமும் உணவும் சிக்கியிருப்பது இப்போதே தெரியலாம். ஈறு நோய் தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கீழ்வரிசை கதை வேறு. அங்கே புதுப் பல் பால் பல்லுக்கு உள்பக்கமாக, நாக்கை ஒட்டி வரும். பால் பல் வழிவிடாவிட்டால் அது உள்நோக்கிச் சாய்ந்தே வளர்ந்து, வாயை மூடும்போதெல்லாம் மேல் அண்ணத்தில் குத்தும். குட்டி தினமும் வலியில் இருக்கும், வெளியே காட்டிக்கொள்ளாது. கீழ்ப்பல்லில் இப்படிப் பார்த்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

வீட்டில் அசைத்துப் பிடுங்கும் எண்ணமே வேண்டாம். பால் கோரைப்பல்லின் வேர் வெளியே தெரிவதைவிட நீளமானது, மெல்லியது. பாதியில் முறிந்தால் மிச்சம் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். பக்கத்துப் புதுப் பல்லும் காயப்படலாம். எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய வேலை இது. கருத்தடை அறுவைச் சிகிச்சை பக்கத்தில் இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கலாம். அது மாதக்கணக்கில் தள்ளி இருந்தால், பல்லை முதலில் பாருங்கள். இடம் கிடைத்தால் சற்றுக் கோணலாக வந்த புதுப் பல் தானாகவே நேராவதும் உண்டு. அதற்கான அவகாசம் சின்னது.

எலும்பு கடித்தால் பல் தானாகச் சுத்தமாகும் என்கிறார்களே?

மேற்பரப்பில் கொஞ்சம் காரை உதிரும், உண்மைதான். அதற்கு நாய் கொடுக்கும் விலைதான் அதிகம். எலும்பு, கொம்பு, குளம்பு, ஐஸ் கட்டி எல்லாம் பல்லையே உடைக்கும் அளவுக்குக் கெட்டியானவை. மேல்வரிசையின் அந்தப் பெரிய பின்பல்தான் பெரும்பாலும் பக்கவாட்டில் பிளந்து போகும். வாங்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியவில்லை என்றால் குட்டிக்கு வேண்டாம். டென்னிஸ் பந்தின் மேல் இருக்கும் துணியும் மண்ணோடு சேர்ந்து பல்லைத் தேய்த்துவிடும், நாள் முழுக்கக் கடிக்க விடாதீர்கள்.

காரையைக் குறைப்பதாகச் சொல்லும் மெல்லும் பண்டங்களில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பொருளைச் சோதித்த தரவுகளைப் பார்த்துவிட்டு, கால்நடைப் பல் மருத்துவர்கள் அடங்கிய ஒரு கவுன்சில் கொடுப்பது அது. வயது வரம்பையும் படியுங்கள். பலவற்றில் 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தர வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும்.

பால் பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. எப்படியும் விழும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. உடைந்த இடம் வழியாகக் கிருமி வேருக்குப் போகும். அந்த வேருக்குப் பக்கத்திலேயேதான் நிலைப்பல்லின் முளை இருக்கிறது. அங்கே சீழ் பிடித்தால் வரப்போகும் பல்லின் எனாமல் கெட்டுப்போகும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் பல்லின் உயிர்ப்பகுதி திறந்துவிட்டது என்று பொருள். சீக்கிரமே எடுத்துவிட வேண்டும்.

ஈறில் கறுப்புத் திட்டுகள் இருக்கின்றன. நோயா?

பிறவியிலேயே இருக்கும் கறுப்பு நிறம் நோய் அல்ல, பல நாய்களுக்கு ஈறு முழுவதுமே கறுப்பாக இருக்கும். முன்பு இல்லாமல் புதிதாக வந்து, மேடாகத் தடித்திருந்தால் காட்டுங்கள். பல்லை ஒட்டிச் சிவப்புக் கோடு தெரிந்தால் ஈறு அழற்சி. பல் முளைக்கும் சமயத்தில் லேசாக இருக்கும், பிறகு மறைய வேண்டும்.

குட்டிகளிடம் நான் முதலில் தேடுவது வெளுத்த ஈறைத்தான். இளஞ்சிவப்பு ஈறை விரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்துக்கு 2 நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். ஈறு எப்போதும் வெள்ளையாகவே இருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ரத்தத்தை உறிஞ்சும். குட்டி சோர்ந்தும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

உதட்டின் உள்பக்கம் காலிஃபிளவர் மாதிரி சின்னச் சின்ன வளர்ச்சிகள். புற்றுநோயோ?

இளம் நாய்களில் இது பெரும்பாலும் வைரஸால் வரும் மருதான். எதிர்ப்புசக்தி வளர வளரச் சில மாதங்களில் தானாக உதிர்ந்துவிடும். மற்ற நாய்களுக்குப் பரவும், அதனால் பொம்மையும் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். மனிதர்களுக்கு ஒட்டாது. சாப்பிடச் சிரமப்பட்டாலோ ரத்தம் கசிந்தாலோ சிகிச்சை தேவை. எப்படியும் ஒரு தடவை டாக்டர் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறார்களாம். 8 மாதக் குட்டிக்குச் செய்யலாமா?

8 மாதத்தில் சுரண்டி எடுக்கிற அளவுக்குக் காரை இருக்காது. பிரஷ் போதும். பொதுவாகவே இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் வெள்ளையாகும், நோய் இருக்கும் ஈறுக்கு அடியில் விழித்திருக்கும் நாயிடம் யாராலும் வேலை செய்ய முடியாது. சுரண்டிய கீறல்களை மெருகேற்றவில்லை என்றால் காரை இன்னும் வேகமாக ஒட்டும். அமுக்கிப் பிடித்ததில் வாயைத் தொடவே விடாத நாயாக மாறிவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

அந்தப் பணத்துக்கு இந்த வயதில் செய்ய வேண்டிய வேலை வேறு. டாக்டரிடம் பற்களை எண்ணச் சொல்லுங்கள். மேலே 20, கீழே 22. ஒன்று குறைந்தால், அது முளைக்கவே இல்லையா, ஈறுக்குள் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில்தான் தெரியும். பக் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல் இப்படிப் புதைந்திருப்பது சகஜம். சத்தமில்லாமல் அதைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து தாடை எலும்பை அரித்துவிடும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் அந்த ஒரு பல்லை எடுப்பதோடு விஷயம் முடிந்துவிடும்.