பொது மன்னிப்பு, மன்னிப்புதானா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நிறவெறி ஆட்சிக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணையம் கொலைகாரர்களை மன்னித்து அனுப்பிவிட்டது என்கிறார்களே?

பதில்: அது தவறு. பொது மன்னிப்புக் கேட்டு வந்த 7,000க்கும் மேற்பட்ட மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. குற்றத்துக்கு அரசியல் நோக்கம் இருக்க வேண்டும். செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறவெறி எதிர்ப்புத் தலைவர் கிறிஸ் ஹானியைக் கொன்ற வழக்கில் சிறையிலிருந்த இருவரும் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று மறுக்கப்பட்டார்கள்.

கேள்வி: மனம் வருந்தினால் போதாதா?

பதில்: வருந்தியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை, அம்மா. ‘பொது மன்னிப்பு’ என்ற நம் சொல்தான் இங்கே குழப்புகிறது. அங்கே அரசு கொடுத்தது தண்டனை விலக்கு. மன்னிப்பது அரசின் கையில் இல்லை. மகனை இழந்த தாயின் கையில் இருக்கிறது. அவள் மறுத்தால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தண்டனையோடு, குற்றவாளியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையும் போய்விட்டது. 1977இல் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் இதை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்றார்கள், 1996இல் தோற்றார்கள். அவர்கள் கேட்டது பழி அல்ல, நீதி.

கேள்வி: ஏமி பீலின் பெற்றோர் மன்னித்தார்களே?

பதில்: ஆம். அமெரிக்க மாணவியான ஏமி 1993இல் கேப் டவுனுக்கு அருகே குகுலேத்துவில் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற நான்கு இளைஞர்களுக்கு 1998இல் தண்டனை விலக்குக் கிடைத்தபோது பெற்றோர் எதிர்க்கவில்லை. பின்னர் அந்த இளைஞர்களில் இருவர் ஏமியின் பெயரிலான அறக்கட்டளையிலேயே வேலை பார்த்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும். ஆனால் அதைக் காட்டி பிகோ குடும்பத்தைக் குறை சொன்னால் கோபம் வரும்.

கேள்வி: என் பங்கு நிலத்தை விற்றுவிட்ட அண்ணன் இப்போது உறவாட வருகிறார். கணக்குக் கேட்டால் ‘மன்னிக்கத் தெரியாதவன்’ என்கிறார்கள்.

பதில்: பேசுங்கள் தம்பி, கணக்கையும் கேளுங்கள். என்ன விலைக்கு விற்றார், பணம் எங்கே என்று அவர் வாயால் சொல்லட்டும். அதற்குப் பிறகு விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: உண்மை சொல்ல வராதவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: அங்கேதான் பெரிய துரோகம் நடந்தது. ஆணையம் சுமார் 300 வழக்குகளை அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்தது. நீதிமன்றம் ஏறியவை மிகச் சில. வராதவனுக்கு வழக்கு உண்டு என்ற பயம் இல்லாவிட்டால், வந்து சொன்னவன் ஏமாளியாகிறான். நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது டிமோல் 1971இல் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் கட்டடத்திலிருந்து தானே குதித்ததாகச் சொன்னார்கள். குடும்பம் விடாமல் போராடியது. அது கொலைதான் என்று 2017இல் நீதிமன்றம் கூறியது. குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர், விசாரணை தொடங்குமுன்பே 2021இல் இறந்துவிட்டார்.