டயர் கேட்கிறவங்க முதல்ல ஓட்டத்தைச் சொல்லுங்க

"எந்தக் கம்பெனி நல்லது?"ன்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது. வருஷத்துக்கு எவ்வளவு ஓடுது, எந்த ரோடுன்னு சேர்த்துக் கேளுங்க.

அண்ணே, மாட்டுத்தாவணியில டாக்ஸி ஓட்டுறேன். மாசம் 5,000 கிலோமீட்டர், பாதி ராமேஸ்வரம் சவாரி. 4,500 ரூபா டயரா, 6,000 ரூபா டயரா?

தம்பி, கிலோமீட்டருக்கு எத்தனை பைசான்னு பாருங்க. 4,500 ரூபா டயர் 40,000 கிலோமீட்டர் வந்தா, நாலு டயருக்கும் சேர்த்து 45 பைசா. 6,000 ரூபா டயர் 60,000 வந்தா 40 பைசா. அதுவே 50,000லயே மொழுக்கையாச்சுன்னா 48 பைசா, நஷ்டம். அதனால கடைக்காரர் வாக்கை விட, ஸ்டாண்டுல அதே கார் ஓட்டுற நாலு பேர் வாக்குதான் பெருசு. சில டயர்ல ட்ரெட்வேர் (எவ்வளவு மெதுவா தேயும்ங்கிற மார்க்) 300, 400னு போட்டிருக்கும். ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிடலாம். அந்த மார்க்கை அவங்கவங்களே சோதிச்சுப் போட்டுக்கிறதால, ரெண்டு கம்பெனியை அதை வச்சு எடை போடாதீங்க.

மதுரை கே.கே.நகர், ரிட்டயர்டு வாத்தியார். வருஷம் 3,000 கூட ஓடாது. டயருக்கு 7 வயசு, பட்டன் (ரோட்டைத் தொடுற மேடு பள்ளம்) அப்படியே இருக்கு. மாத்தச் சொல்றாங்களே, வியாபாரத்துக்கா?

ஐயா, பட்டனை விடுங்க, பக்கவாட்டைப் பாருங்க. மெல்லிசா வெடிப்பு ஓடியிருந்தா மாத்திருங்க. நம்ம ஊர் வெயில்ல நிக்கிற கார்ல ரப்பர் தேயறதுக்கு முன்னாடி இறுகிப்போகும். இறுகின ரப்பர் ஈர ரோட்டுல பிடிக்காது. 5 வருஷம் தாண்டினா வருஷம் ஒருக்கா டயர் கடையில காட்டணும். 10 வருஷத்துக்கு மேல ஆகவே ஆகாதுன்னு பல கம்பெனிகளே சொல்லுது.

புதுசு எடுக்கும்போது "60,000 உழைக்கும்"னு சொல்றதுக்குக் காசு கொடுக்காதீங்க, உங்க ஓட்டத்துக்கு அது 20 வருஷம்! மழையில பிரேக் நல்லா பிடிக்கிறதா எடுங்க, சீக்கிரம் தேஞ்சாலும் பரவாயில்ல. தயாரிப்புத் தேதி முக்கியம்: பக்கவாட்டுல டாட் (DOT)னு தொடங்குற வரிசையில கடைசி நாலு எண் 3523ன்னா, 2023ல 35வது வாரம். ஆஃபர்ல தள்ளுற டயர்ல இதைப் பார்க்காம பில் போட விடாதீங்க.

சித்திரை வெயில்ல திருநெல்வேலி நாலுவழிச் சாலையில போறோம். காத்தைக் கொஞ்சம் குறைச்சா டயர் வெடிக்காதுதானே?

பாதிப் பேர் இப்படித்தான் நம்புறாங்க, நேர் எதிர்! காத்து குறைஞ்சா பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா மடங்கி நிமிரும், அந்த மடிப்புலதான் சூடு ஏறும். ஆளும் லக்கேஜும் நிறைய இருந்து, வேகமும் சேர்ந்தா டயருக்கு உள்ளே இருக்கிற அடுக்குகளோட கட்டே விட்டுப்போகும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல அளவு இருக்கும். காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த அளவு வையுங்க. ஓடின பிறகு கூடக் காட்டுறது இயல்பு, பிடுங்கி விடாதீங்க. 10,000 ரூபா டயரையும் காத்து குறைஞ்ச ஓட்டம் தின்னுரும்.

கொடைக்கானலுக்கு அடிக்கடி போவோம். இப்ப ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்கு. முன்னாடி போடவா?

பின்னாடி போடுங்கக்கா. முன்சக்கரம்தான் சீக்கிரம் தேயும், அதனால எல்லாரும் புதுசை முன்னாடி மாட்டுறாங்க. ஆனா மழையில முன்னாடி வழுக்கினா ஸ்டியரிங்லயே தெரியும், ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திரும். வத்தலக்குண்டு தாண்டி மலையில அது நடக்கக் கூடாது. முன்னாடிப் பழசுலயும் 3 மில்லிமீட்டராவது பட்டன் ஆழம் இருக்கணும். சட்டம் 1.6 வரை விடுது, மலை மழைக்கு அது போதாது.

காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் அதுதான். காசு வாங்காம அடிச்சா அடிச்சுக்கோங்க.

மதுரைக்குப் பக்கத்துல வெள்ளரிப்பட்டியிலேயே டயர் கம்பெனி இருக்கே, மலிவா கிடைக்காதா?

டிவிஎஸ் ஸ்ரீசக்ராவைச் சொல்றீங்க. டூவீலர், ஆட்டோ டயருக்குப் பேர்போனது, உங்க காருக்கு ஆகாது.

185/65 R15 88H போட்டிருக்கேன். அகலமா, அழகா மாத்தலாமா?

அழகுக்குன்னா உங்க இஷ்டம். மைலேஜ் குறையும், ஸ்டியரிங் கனக்கும், குழியில ரிம் அடிவாங்கும். எதை மாத்தினாலும் 88ஐக் குறைக்காதீங்க, ஒரு டயர் 560 கிலோ தாங்கும்னு அர்த்தம். H எழுத்து 210 கிலோமீட்டர் வேகத்துக்கு. அதுக்கு மேல V எடுத்து 240ல நீங்க ஓட்டப் போற ரோடு மதுரைப் பக்கம் எங்கே இருக்கு? அந்தக் காசுல அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்துட்டு, ஸ்டெப்னிக்கும் காத்து அடிங்க.