'கேஷ்': ஒரு சொல்லா, இரு சொற்களா?

கேள்வி: ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்ததுதானே?

பதில்: ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' அவ்வாறு பிறந்ததன்று. இலத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா', இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. அங்கே முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு அதனுள் இருந்த பணத்துக்கே பெயராயிற்று. நம் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும்.

கேள்வி: முந்திரிக்கு வழங்கும் 'கேஷு'?

பதில்: தொடர்பில்லை. அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்த்துக்கீசியர் பரப்பியது.

கேள்வி: அப்படியானால் 'கேஷ்' என்பதில் தமிழுக்குப் பங்கே இல்லையா?

பதில்: உண்டு, நான் மிகவும் விரும்பும் பகுதியும் இதுவே. சிறு நாணயத்தைக் குறிக்கும் வேறொரு 'கேஷ்' ஆங்கிலத்தில் இருக்கிறது. நல்ல அகராதிகள் அதைத் தனித் தலைச்சொல்லாகவே தருகின்றன. நம் 'காசு' என்பதைக் கேட்ட போர்த்துக்கீசியர், பெட்டியைக் குறிக்கும் தம் 'கய்ஷா' என்ற சொல்லின் சாயலில் அதை வழங்க, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்னும் பொன் நாணயம் என்று கிழக்கிந்தியக் கும்பினியார் கணக்கு வைத்தனர். அவர்கள் 1808இல் வெளியிட்ட 20 காசுச் செப்பு நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள்: மேலே பாரசீக எழுத்தில் 'காஸ்', அதன் கீழே ரோமன் எண்ணில் இருபதும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பதும். ஒரே முகத்தில் நம் சொல் இரண்டு வேற்றெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே இட்டனர்.

கேள்வி: ஒலி இவ்வளவு ஒத்திருக்கிறதே! நம் சொல்லை எடுத்துக்கொண்டு ஐரோப்பியர் மறைத்திருக்கலாமே?

பதில்: இதே கேள்வியை மூவர் கேட்டுவிட்டீர்கள்; மூவருக்கும் இதுவே விடை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். உரோமர்கள் சுவடிச் சுருள்களை இட்டுவைத்த பெட்டியைச் கி.மு. முதல் நூற்றாண்டில், சிசரோ என்னும் பேச்சாளரின் காலத்திலேயே 'காப்சா' என்றனர். ஒலி ஒத்திருப்பது தேடலுக்குத் தூண்டுகோலாகலாம், சான்றாகாது. நாணயத்தில் பொறித்த உரிமை நமக்கு இருக்கும்போது, பெட்டியையும் கேட்டு வாதாடினால் உண்மையான உரிமையையும் பிறர் ஐயுறுவர்.

கேள்வி: 'கேஷியர்' என்பது படையிலிருந்து நீக்குவதையும் குறிக்கிறதே, ஏன்?

பதில்: அதுவும் வேறு சொல்லே. காசாளர் பணப்பெட்டியின் வழிவந்தவர். படைநீக்கமோ 'உடைத்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது.

கேள்வி: 'கட்டமரன்', 'செரூட்'?

பதில்: கட்டுமரமும் சுருட்டுமே அவை.